சிம்னி வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

கடைக்குள் நுழைந்து ‘கிச்சன் சிம்னி’ என்று வாயைத் திறந்ததும் விற்பனையாளர் ஓர் எண்ணைச் சொல்வார். “இது 1200 சக்‌ஷன் சார், அது 1350, கொஞ்சம் மேல போனா 1500.” எண் ஏற ஏற விலையும் ஏறும், நமக்கு ஆசையும் ஏறும். சென்னை மடிப்பாக்கத்தில் சொந்த ஃபிளாட்டுக்குக் குடிபோனபோது நாங்களும் அப்படித்தான் கடையிலேயே பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கி மாட்டினோம். முதல் நாள் ரசத்துக்கு மிளகாய் தாளித்ததும், ஹாலில் இருந்த அம்மாவிலிருந்து படுக்கையறையில் இருந்த குழந்தை வரை எல்லோருக்கும் கமறல். சிம்னி மட்டும் மாவு மில் போல இரைந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் பொறுத்துவிட்டு வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் சிம்னியைத் தொடவே இல்லை. ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினார், டார்ச் அடித்துப் பார்த்தார், இறங்கினார். குழாய் நான்கு இடத்தில் மடங்கிப் போய், கடைசியில் 4 அங்குல ஓட்டை ஒன்றில் திணிக்கப்பட்டிருந்தது. “வண்டி நல்ல வண்டிதான் சார், ரோடுதான் போடல” என்றார்.

அதனால் இந்த வழிகாட்டியைக் கடையில் தொடங்காமல் வீட்டின் வெளிச்சுவரில் தொடங்குகிறேன். புகை போகும் வழி முடிவானால் எந்தச் சிம்னி என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்குச் சிம்னி வேண்டுமா? சமையலறையில் எதிரெதிரே இரண்டு ஜன்னல், தினமும் சாம்பார், பொரியல், மாதம் ஒரு முறை அப்பளம் என்றால் ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனே போதும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். 11 மாத அக்ரிமென்ட்டில் இருந்துகொண்டு ஓனர் சுவரில் ஓட்டை போட்டால், காலி செய்யும்போது அட்வான்ஸில் அது கழியும். மீன் வறுவல், பூரி, வாரம் ஒரு பிரியாணி என்று அடுப்பு ஓயாத வீடு, ஹாலும் சமையலறையும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் வீடு, புகை பட்டால் மூச்சு இழுக்கும் பெரியவர்கள் உள்ள வீடு: இவற்றுக்குச் சிம்னி வேண்டும்தான்.

முதலில் வெளியே போய் நின்று பாருங்கள்

சென்னை ஃபிளாட்டுகளில் அடுப்பு பெரும்பாலும் அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்கும். சமைப்பவர் கிழக்கு பார்த்து நிற்க வேண்டும் என்று மேடையும் கிழக்குச் சுவரை ஒட்டியே போட்டிருப்பார்கள். வாஸ்து பார்க்காதவர்களுக்கும் பில்டர் அப்படித்தான் கட்டிக் கொடுக்கிறார். ஆகவே சிம்னிக் குழாய் வெளியேறுவது கிழக்குச் சுவர் வழியாகவோ தெற்குச் சுவர் வழியாகவோ இருக்கும்.

கிழக்கே கடல் இருக்கிறது. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிப்பதும் அந்தச் சுவரில்தான். மாலை நாலரைக்கு நீங்கள் பஜ்ஜிக்கு எண்ணெய் வைக்கும்போது சிம்னி வெளியே தள்ளும் புகையைக் காற்று உள்ளே தள்ளும். திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம் மாடி வீடுகளில் இதை நன்றாகவே உணரலாம். இரண்டில் ஒரு சுவரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் தெற்குச் சுவரை எடுங்கள். கிழக்குதான் வழி என்றால், குழாயின் வெளிமுனையில் கீழ்நோக்கி வளைந்த எல்போவோ, காற்றடித்தால் தானே மூடிக்கொள்ளும் இதழ்கள் வைத்த மூடியோ கட்டாயம். கடைக்காரர்கள் இந்த மூடியைக் ‘கவுல்’ என்பார்கள். கடலோரப் பகுதிகளில் தகரக் கவுல் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். பிவிசி அல்லது அலுமினியத்தில் வாங்குங்கள்.

அடுத்து, அந்தச் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது? தெருவோ காம்பவுண்டோ என்றால் நல்லது. கீழ்வீட்டுக்காரரின் துணிக்கொடி என்றால் சண்டை நிச்சயம். குழாய் முனையில் எண்ணெய்ச் சொட்டு விழாமல் இருக்காது. பல அடுக்ககங்களில் சமையலறை ஜன்னல் ஓ.டி.எஸ். எனப்படும் திறந்த கிணறு போன்ற இடைவெளியைப் பார்த்திருக்கும். அதற்குள் புகையை விட்டால் உங்கள் கருவாட்டு வாசனை நாலு மாடிக்கும் பொது. இடைவெளி அகலமாக இருந்தால் பரவாயில்லை. குறுகலாக இருந்தால் அசோசியேஷனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முகப்புச் சுவரில் ஓட்டை போடுவதாக இருந்தாலும் அவர்களிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சர்வீஸ் பால்கனி உள்ள வீடுகளில் ஒரு சோம்பேறித்தனம் நடக்கும். குழாயைப் பால்கனிக்குள் விட்டு அத்தோடு நிறுத்திவிடுவார்கள். வாஷிங் மெஷின் மேலும், காயப்போட்ட துணி மேலும் எண்ணெய்ப் பிசுக்கு படியும். கிரில்லுக்கு வெளியே அரை அடியாவது நீட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கான ஓட்டை இருந்தால் அதிர்ஷ்டம். ஃபேனைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையை ஒரு தகட்டால் அடைத்து, அதன் நடுவில் குழாய்க்கு வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். சுவரை உடைக்கும் வேலை மிச்சம்.

இல்லையென்றால் கோர் கட்டிங், அதாவது மெஷினால் சுவரில் வட்டமாகத் துளை போடுவது. 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் அரை மணி நேர வேலைதான். ஆனால் எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் 7 அடி உயரத்தில் லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போகும் கான்கிரீட் பட்டை, ஓடும்; பரண் தொங்குவதும் அதைப் பிடித்துத்தான். லிண்டல், பீம், தூண் இவற்றில் கை வைக்கக் கூடாது. புதிதாக எழும்பும் உயர்ந்த அடுக்ககங்கள் சிலவற்றில் செங்கல்லே கிடையாது. அலுமினிய அச்சு வைத்துச் சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே ஊற்றிவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு சுவரும் கட்டடத்தைத் தாங்கும் சுவர். பில்டர் விட்டுவைத்த துளை எங்கே இருக்கிறது என்று கேட்டு அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பரண் என்னும் வில்லன்

இப்போது உள்ளே வாருங்கள், கையில் இன்ச் டேப்போடு. நம் ஊர்ச் சமையலறைகளில் 7 அடியில் இரண்டடி அகலக் கான்கிரீட் பரண் இருக்கும். அண்டாவும் கொலுப் பெட்டியும் அதன் மேல் இருக்கும். சிம்னியைச் சிக்கலில் மாட்டுவது இந்தப் பரண்தான்.

கணக்குப் போடுவோம். மேடை 33 அங்குலம். அதன் மேல் ஸ்டவ் 5 அங்குலம் என்று வையுங்கள், ஆக 38. அடுப்புக்கும் சிம்னியின் அடிப்பாகத்துக்கும் 26 முதல் 30 அங்குலம் இடைவெளி வேண்டும். 28 என்று வைத்தால் 66 ஆகிறது. சிம்னி உடம்பின் உயரம் சுமார் 18 அங்குலம் என்றால், மொத்தம் 84. அதாவது சரியாக 7 அடி. பரணில் தலை இடித்துவிட்டது. குழாய் வளைய ஓர் அங்குல இடம்கூட இல்லை. எங்கள் வீட்டில் குழாய் நான்கு முறை மடங்கியதன் ரகசியம் இதுதான்.

இதற்கு வழிகள் உண்டு. உடம்பு உயரம் குறைந்த, பெட்டி போன்ற மாடல்கள் கிடைக்கின்றன. பக்கவாட்டிலோ பின்புறமோ குழாய் எடுக்கக்கூடிய மாடல்கள் உண்டு. மரப் பலகைப் பரண் என்றால் வட்டமாக வெட்டிவிடலாம். கான்கிரீட் பரணைத் துளைக்கிறேன் என்று யாராவது சொன்னால், கம்பி எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் சம்மதிக்காதீர்கள். இடைவெளியைக் குறைத்துச் சிம்னியை இறக்கி மாட்டிவிடலாம் என்ற யோசனையும் வரும். 26 அங்குலத்துக்குக் கீழே இறங்காதீர்கள். அனல் நேரே மோதும், ஃபில்டரில் படிந்த எண்ணெய் தீப்பிடிக்கும் அபாயமும் இருக்கிறது, தலையும் இடிக்கும். ரொம்ப உயரமாக வைத்தால் புகை சிம்னிக்குப் போகும் முன்பே பக்கவாட்டில் நழுவிவிடும்.

அகலம் சுலபம். இரண்டு பர்னர் அடுப்புக்கு 60 செ.மீ., மூன்றுக்கு 75, மேடையில் பதிக்கும் நான்கு பர்னர் ஹாப்புக்கு 90. அடுப்பைவிடச் சிம்னி குறுகலாக இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

ரோடு போடுதல்

குழாய்க்கு மூன்று விஷயம்: விட்டம் 6 அங்குலம், நீளம் முடிந்தவரை 10 அடிக்குள், வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். 6 அங்குலக் குழாயை 4 அங்குல ஓட்டையில் செருகுவது எவ்வளவு மோசம் என்றால், வாயின் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மோட்டார் முக்கும், சத்தம் ஏறும், புகை ஹாலுக்கு வரும்.

வெள்ளி நிறத்தில் அக்கார்டியன் போல மடியும் அலுமினியக் குழாயைத்தான் பெரும்பாலும் கொண்டுவருவார்கள். மாட்டுவதற்கு எளிது. ஆனால் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும். அதைத்தான் போடுவதென்றால், முழுக்க இழுத்து விறைப்பாக்கி, மிச்ச நீளத்தை வெட்டி எறியச் சொல்லுங்கள். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று பரணில் சுருட்டி வைப்பதுதான் கேடு. உள்ளே வழுவழுப்பாக இருக்கும் உலோகக் குழாய் என் முதல் விருப்பம். பிவிசி குழாயும் இங்கே பரவலாகப் போடுகிறார்கள். காற்று தடையில்லாமல் போகும், ஆனால் நெருப்பு என்று வந்தால் உலோகம்தான் தாங்கும். சுவருக்குள் போகும் பகுதி வெளிப்பக்கம் சற்றே சரிவாக இருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்திருந்தால் மழைநீர் நேரே மோட்டாருக்கு வரும்.

சுவரில் ஓட்டை போட வழியே இல்லாதவர்களுக்கு, குழாய் இல்லாத சிம்னி என்று ஒன்றைக் காட்டுவார்கள். புகையை இழுத்து, கரி ஃபில்டரில் வடிகட்டி, அதே அறைக்குள் திருப்பி விடும். வாசனை ஓரளவு குறையும். அனலும் ஆவியும் அப்படியே திரும்பி வரும். கத்திரி வெயிலில் சென்னைச் சமையலறையில் நின்று பார்த்தவர்கள் இதற்குப் பணம் கொடுக்க யோசிப்பார்கள். கரி ஃபில்டரைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றும் செலவு வேறு. நான் வேண்டாம் என்பேன்.

இப்போது கடைக்குப் போகலாம்

அந்த 1200 என்பது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்ற கணக்கு. உங்கள் சமையலறை 8 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்றால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 23 கன மீட்டர்தான். 1200ஐ 23ஆல் வகுத்தால் 52 வருகிறது. அதாவது ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை அறையின் காற்று முழுவதையும் மாற்றிவிட முடியும் என்கிறது அந்த எண். நடைமுறையில் குழாயும் வளைவும் கவுலும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே நம் தாளிப்புக்கு 1000 முதல் 1200 வரை போதும். குழாய் நேராக இருந்தால் இதுவே அதிகம். குழாய் கோணலாக இருந்தால் 1500ம் உதவாது.

ஃபில்டர் விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். வலைபோல இருக்கும் அலுமினிய மெஷ் ஃபில்டர் விலை குறைவு. ஆனால் நம் எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் இரண்டே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். வளைந்த பட்டைகள் அடுக்கிய எவர்சில்வர் பேஃபிள் ஃபில்டரில் காற்று சட்டென்று திசை மாறும். கனமான எண்ணெய்த் துளிகளால் அப்படி வளைய முடியாமல் பட்டையில் மோதிக் கீழே வடியும். கழுவவும் எளிது. மூன்றாவது ரகம் ஃபில்டரே இல்லாதது. எண்ணெயை மோட்டாரின் சுழற்சியே வீசித் தள்ளிக் கிண்ணத்தில் சேர்க்கும். மாதாமாதம் ஃபில்டர் கழுவ ஆள் இல்லை, நேரமும் இல்லை என்றால் இதை வாங்கலாம். ஆனால் உள்ளே படிவதைச் சுத்தம் செய்ய ஆளை வரவழைக்க வேண்டியிருக்கும். என் தேர்வு பேஃபிள்.

‘ஆட்டோ கிளீன்’ என்ற சொல்லை நம்பி வீட்டில் எல்லோரும் ஏமாறுவதுண்டு. பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடாகி, மோட்டார்ப் பகுதியில் ஒட்டிய எண்ணெயை இளக்கி, கீழே உள்ள கிண்ணத்தில் விழவைக்கும். 10, 15 நிமிட வேலை. நல்ல வசதிதான், இருப்பதை வாங்குங்கள். ஆனால் ஃபில்டரை அது கழுவாது, குழாயைக் கழுவாது, மேல்தகட்டைத் துடைக்காது. முகம் மட்டும் கழுவிக்கொண்டு குளித்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளை மாதிரி.

கையசைத்தால் ஓடும் சென்சார் இருக்கிறது. கையில் மாவு இருக்கும்போது உதவும். எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, “யாருக்குடா டாட்டா காட்டறது?” என்று கேட்டுவிட்டு இன்றுவரை பொத்தானைத்தான் அழுத்துகிறார். பழுதானால் சென்சாரும் சர்க்யூட் போர்டும் செலவு வைக்கும் சாமான்கள். வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு 10 வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், மற்றவற்றுக்கு எத்தனை வருடம் என்று சிறிய எழுத்தில் தேடுங்கள். ஒரு வருடமோ இரண்டோ என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

விலை சுமார் 8,000 ரூபாயில் தொடங்கி 30,000க்கு மேலும் போகிறது. குழாய், கவுல், கோர் கட்டிங் எல்லாம் பெரும்பாலும் தனிக்கணக்கு. ‘ஃப்ரீ இன்ஸ்டலேஷன்’ என்றால் எதெல்லாம் ஃப்ரீ என்று பில் போடும் முன் கேளுங்கள். உங்கள் ஏரியாவுக்கு சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார் என்பதையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், பிராண்ட் பெயரைவிட இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் முக்கியம்.

மின்சாரம் பற்றிப் பயப்பட வேண்டாம். 200 வாட் மோட்டாரை தினம் 2 மணி நேரம் ஓட்டினால், 2 மாத பில்லில் 24 யூனிட்தான் கூடும்.

மாட்டும் நாள்

வரிசை முக்கியம். மாடுலர் கிச்சன் செய்வதாக இருந்தால் முதலில் ஓட்டை, அடுத்து ப்ளக் பாயின்ட், பிறகு டைல்ஸ், கப்போர்டு, கடைசியில் சிம்னி. கோர் கட்டிங் மெஷினுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புது கப்போர்டு மாட்டிய பிறகு அதைச் செய்தால் பலகை ஊறிவிடும்.

எர்த்தோடு கூடிய மூன்று பின் ப்ளக் பாயின்ட் தனியாக வேண்டும். சிம்னியின் உடம்புக்குப் பின்னால் மறைத்து வைக்காதீர்கள். அவசரத்துக்குக் கை எட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

சுவர் லைட் வெயிட் பிளாக் என்றால் அதை மாட்டுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாதாரணத் திருகு அதில் நாளடைவில் இளகும். அதற்கென்று தனி ஆங்கர் உண்டு. சிம்னியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையமும், அதில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் இரண்டு மடலும் இருக்கும். வரும்போது ஆடாமல் இருக்க அதை டேப் போட்டு ஒட்டியிருந்தால், பிரிக்காமலே குழாயைச் செருகிவிடுவதும் நடக்கிறது. பக்கத்தில் நின்று, “அண்ணா, அந்த மடல் ரெண்டும் தானா திறந்து மூடுதான்னு ஒரு தடவை காட்டுங்க” என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆளை அனுப்பும் முன் ஊதுபத்திச் சோதனை. நான்கைந்து ஊதுபத்தியைச் சேர்த்துக் கொளுத்தி அடுப்பின் முன்பக்க பர்னர் மேல் பிடியுங்கள். குறைந்த வேகத்திலேயே புகை வளைந்து மேலே போக வேண்டும். பிறகு ஒருவர் வெளியே போய்க் குழாய் முனையில் காற்று பலமாக வருகிறதா என்று கை வைத்துப் பார்க்கட்டும். கடைசியாக ஜன்னல் கதவு எல்லாவற்றையும் மூடிவிட்டு இன்னொரு முறை பாருங்கள், புகை தடுமாறும். உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியே மட்டும் காற்று போகாது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு சமைக்கும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரற்கடையாவது திறந்து வைப்பீர்கள். ஹாலில் ஏசி ஓடினால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு இந்த ஜன்னலைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றைச் சிம்னி தெருவுக்கு அனுப்பும்.

ஓட்டும் முறை

புகை வந்த பிறகு சிம்னியைப் போடுவது மழை வந்த பிறகு துணி எடுப்பது போல. எண்ணெய் காய வைக்கும்போதே, தாளிப்புக்கு இரண்டு நிமிடம் முன்னால் போட்டுவிடுங்கள். சோறு வடிக்க, காபி போட முதல் வேகம் போதும். வறுவல், தாளிப்பு வரும்போது மட்டும் உச்ச வேகம். அடுப்பை அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் ஓடட்டும். பாத்திரம் இல்லாமல் பர்னரை எரியவிட்டுச் சிம்னியை ஓட்டாதீர்கள். அப்பளத்தைத் தணலில் சுடுவதாக இருந்தால் தீயைக் குறைத்து வையுங்கள்.

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்: கேஸ் கசிந்த வாடை வந்தால் சிம்னியைப் போடக் கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மேலே இருக்கும் சிம்னியால் அதை இழுத்துத் தீர்க்க முடியாது. சுவிட்சில் தெறிக்கும் சின்னப் பொறி வீட்டையே கொளுத்திவிடும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906க்கு ஃபோன் செய்யுங்கள். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் அது.

கழுவுதல்

வறுவல் அதிகமுள்ள வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு மாதம் ஒரு முறை. ஃபில்டரை அடியிலிருந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில் தேன் போலச் சொட்டு நிற்கிறதா? நாள் தள்ளிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஃபில்டர் படுக்கும் அளவுக்கு அன்னக்கூடை ஒன்றை எடுங்கள். கொதிக்கும் தண்ணீர், மூன்று நான்கு ஸ்பூன் ஆப்ப சோடா, கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் லிக்விட். அரை மணி நேரம் ஊறட்டும். பாதிப் பிசுக்கு தானாக மிதக்கும். மிச்சத்தைப் பழைய டூத்பிரஷால் தேய்க்கலாம். சோடாவுக்குப் பதில் சீயக்காய்த் தூளைக் கெட்டியாகக் கரைத்துத் தடவினாலும் எண்ணெய் விடும். தலைக்கு எண்ணெய் தேய்த்தால் போகவைக்கும் அதே வித்தைதான். அலுமினிய மெஷ் ஃபில்டருக்குக் கொதிநீரும் சோடாவும் ஆகாது, கறுத்துவிடும்; வெதுவெதுப்பான நீரும் லிக்விடும் மட்டும் போதும். காஸ்டிக் சோடாவை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உலோகத்தையே அரித்துவிடும். எவர்சில்வருக்குக் கம்பி நாரும் பாத்ரூம் ஆசிட்டும் எதிரி. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஏரியாக்களில் கடைசி அலசலை மட்டும் மெட்ரோ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்தால் வெள்ளைத் திட்டு விழாது. வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே திருப்பி மாட்டுங்கள்.

எண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். அதைச் சிங்க்கில் கொட்டினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் ஊற்றிச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். ஆட்டோ கிளீன் இருந்தால், அடுப்பு அணைந்திருக்கும்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஓட்டுங்கள். ஓட்டும் முன் கிண்ணம் காலியாக இருக்கட்டும். மோட்டார், உள்கூடு, குழாய் ஆகியவற்றை வருடத்துக்கு ஒரு முறை ஆளை வைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு முன்னால் கூப்பிட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம். ஆவணியிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மழைக்கு முன்னால், புறாவுக்குப் பின்னால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த இரவில் எங்கள் சிம்னி வழியாக அடுப்பின் மேல் தண்ணீர் சொட்டியது. கவுலின் இதழ் ஒன்று எண்ணெய்ப் பிசுக்கில் திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அடுப்பின் மேல் அண்டாவை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அதிலிருந்து புரட்டாசி பிறந்ததும் கவுலைத் துடைத்து, இதழ்கள் தானாக விழுகின்றனவா என்று பார்த்து, குழாயைச் சுற்றிய விரிசலில் சிலிக்கான் பூசிவிடுகிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சிம்னி திடீரென்று இழுக்காமல் போனால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் வெளியே போய்க் குழாய் முனையைப் பாருங்கள். சென்னையில் புறாவுக்கு 6 அங்குல ஓட்டை என்பது வாடகையில்லாத வீடு. ஒரு முறை பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது எங்கள் குழாய் முனையில் குச்சிகளும் இரண்டு முட்டையும் இருந்தன. எடுத்துப் போட அம்மா விடவில்லை. முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருமியபடியே சமைத்தோம். கூடு காலியான மறுநாள் அரை அங்குல இடைவெளிக் கம்பி வலையை முனையில் கட்டினேன். கொசுவலை கட்டிவிடாதீர்கள், எண்ணெய் படிந்து ஒரே மாதத்தில் தட்டு மாதிரி அடைத்துக்கொள்ளும்.